பாங்காக் போக 20,000 ரூபாய் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 26, மாதச் சம்பளம் 32,000 ரூபாய். பாங்காக்குக்கு விமான டிக்கெட் வாங்கிவிட்டேன். முதுகில் ஒரு பையோடு ஆறு நாள் தனியாகச் சுற்றிவர ஆசை. முதல் நாளுக்குக் கணக்குப் போட்டால் 5,000 ரூபாய் வருகிறது. அப்படியென்றால் ஆறு நாளுக்கு 30,000. கையில் இருப்பதோ 20,000தான். மீதியை அங்கே ஏ.டி.எம்.மில் கிரெடிட் கார்டு போட்டு எடுத்துக்கொள்ளலாமா?
- கோவை வாசகர்

பதில்: எடுக்க வேண்டாம், எடுக்கத் தேவையும் இருக்காது. முதல் நாள் கணக்கை ஆறால் பெருக்கியதுதான் உங்களைப் பயமுறுத்துகிறது.

அந்த முதல் நாளைப் பாருங்கள். கவோசான் சாலைப் பக்கம் பொதுவறையில் ஒரு படுக்கை 400 பாட் (தாய்லாந்து நாணயம்). காலையில் சனாம் லுவாங் திடலைக் கடந்து நடந்தே அரண்மனைக்குப் போய்விடலாம்; நுழைவுக் கட்டணம் 500. அடுத்துள்ள வாட் போ கோயிலில் 300. தா தியன் படகுத்துறையில் 5 பாட் கொடுத்து ஆற்றைக் கடந்தால் வாட் அருண் கோயில், அங்கே 200. சாப்பாட்டுக்கு 250, தண்ணீருக்கும் படகுக்கும் 50 என்று வைத்தால் மொத்தம் 1,700 பாட். ஒரு பாட்டுக்கு மூன்று ரூபாய் என்று போட்டால் 5,100 ரூபாய். உங்கள் கணக்கு சரிதான். ஆனால் அதில் 1,000 பாட் நுழைவுச் சீட்டுக்கே போகிறது. மறுநாள் ஆரஞ்சுக் கொடிப் படகில் 16 பாட்டுக்கு ஆற்றின் நீளத்துக்குப் போகலாம், லும்பினி பூங்காவில் உடும்புகளைப் பார்க்கலாம், சீலோமில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலில் கும்பிடலாம், இரவு யாவரத் தெருவில் சாப்பிடலாம். அப்படிப்பட்ட நாளுக்கு 800 பாட் போதும். ஆக 1,700-உம் ஐந்து 800-உம் சேர்ந்து 5,700 பாட், அதாவது 17,100 ரூபாய். மீதமுள்ள பணத்தில் பயணக் காப்பீடு ஒன்று எடுத்துவிடுங்கள். அதைத் தவிர்க்காதீர்கள்.

பணம் கரைவது வேறு இடத்தில். தாய்லாந்து ஏ.டி.எம்.கள் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடிக்கின்றன, எடுக்கும் தொகை சிறிதானாலும் பெரிதானாலும். 2,000 பாட் எடுத்தால் அதிலேயே 11 சதவீதம் போயிற்று. கிரெடிட் கார்டு என்றால் ரொக்கம் எடுத்ததற்கான கட்டணம், அந்நியச் செலாவணிக் கூடுதல் கட்டணம், அதன்மேல் ஜி.எஸ்.டி., எடுத்த நாளிலிருந்தே வட்டி. 6,000 ரூபாய் எடுக்க ஆயிரத்துக்கு மேல் அழுவதை என்னால் ஏற்க முடியாது.

ஆகவே கோவையிலேயே ரிசர்வ் வங்கி அங்கீகாரம் பெற்ற நாணய மாற்று நிலையங்கள் இரண்டு மூன்றில் விசாரியுங்கள். "கட்டணம் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "12,000 ரூபாய் கொடுத்தால் கையில் எத்தனை பாட் வரும்?" என்று கேளுங்கள், மறைந்திருக்கும் எல்லாக் கழிவும் அந்த ஒரு எண்ணில் தெரிந்துவிடும். பெரும்பகுதியை ரொக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள், தெருக்கடைக்கும் படகுக்கும் அதுதான் உதவும். மீதியை ஃபாரெக்ஸ் கார்டில், அதாவது வெளிநாட்டு நாணயத்தை முன்பே ஏற்றிவைக்கும் அட்டையில், பாட் நாணயமாகவே ஏற்றுங்கள். டாலராக ஏற்றினால் செலவழிக்கும்போது இன்னொரு மாற்றுக் கட்டணம் விழும்.

கடையில் அட்டையைத் தேய்க்கும்போது கருவி ரூபாய்த் தொகையைக் காட்டி "இதிலேயே செலுத்துகிறீர்களா?" என்று கேட்கும். பழகிய ரூபாயைப் பார்த்ததும் விரல் தானாகப் போகும். ஆனால் அந்த மாற்று விகிதம் நமக்கு நஷ்டம்; பாட்டையே தேர்ந்தெடுங்கள்.

அரண்மனை வாசலில் யாராவது "இன்று மூடியிருக்கிறது, வேறு கோயிலுக்கு மலிவாக அழைத்துப்போகிறேன்" என்றால் அவருடைய டுக்டுக் ஆட்டோவில் ஏறாதீர்கள். அந்தச் சவாரி ரத்தினக்கல் கடையில்தான் முடியும். முழங்காலையும் தோளையும் மறைக்கும் உடையோடு போனால் வாசலில் புதிதாக வாங்கும் செலவும் மிச்சம்.

கிரெடிட் கார்டை மருத்துவ அவசரத்துக்கென்று பையின் அடியில் வையுங்கள். அதில் வெளிநாட்டுப் பயன்பாட்டைப் புறப்படும் முன்பே வங்கிச் செயலியில் திறந்துவிட்டு, திரும்பி வந்ததும் மூடிவிடுங்கள்.