கரண்ட் போனால் சம்ப் தாங்குமா?

கேள்வி: மூன்று அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்து, மீனோடு கொஞ்சம் பவளமும் வளர்க்க ஆசை. இதுவரை நன்னீர் மீன்தான் வளர்த்திருக்கிறேன். தொட்டிக்கு அடியில் ஸ்டாண்டுக்குள் வைக்கிற ஃபில்டர் பெட்டியான சம்ப்புக்கு சென்னை கொளத்தூரில் விலை கேட்டேன். 24 × 12 × 15 அங்குலத்தில் ஐந்து அறை கொண்ட ரெடிமேட் சம்ப், பம்ப், பயோபால் (பாக்டீரியா குடியேறுவதற்கான பிளாஸ்டிக் பந்து), பைப் எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்கிறார்கள். மூன்றடித் தொட்டிக்கு இதுவே தாராளம் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா, இல்லை உள்ளூர்க் கண்ணாடிக் கடையிலேயே செய்துகொள்ளலாமா? — வாசகர், சத்துவாச்சாரி

பதில்: அந்த அளவில் வாங்காதீர்கள். மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று காலையில் நிறுத்திவிட்டு மதியத்துக்கு மேல் கரண்ட் கொடுக்கிற ஊரில் இருக்கிறோம். கோடை மழைக் காற்றில் போவது தனிக் கணக்கு. பம்ப் நின்ற சில நிமிடங்களில் எவ்வளவு தண்ணீர் கீழே இறங்கும் என்பதுதான் சம்ப்பின் அளவைத் தீர்மானிக்கிறது. கடையில் இதைப் பேச மாட்டார்கள். நனையப்போவது உங்கள் வீட்டுத் தரைதானே.

மேல் தொட்டித் தண்ணீர் ஓவர்ஃப்ளோ (மட்டம் தாண்டிய தண்ணீர் வழிந்து இறங்குகிற வாய்) வழியாகத் தானாகவே சம்ப்புக்கு இறங்குகிறது. சம்ப்பில் உள்ள ரிட்டர்ன் பம்ப் அதை மறுபடி மேலே ஏற்றுகிறது. பம்ப் நின்றாலும் இறக்கம் உடனே நிற்காது. ரிட்டர்ன் பைப்பின் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் அதே பைப் சைஃபனாக மாறி, வாய் வெளியே தெரிகிறவரை தண்ணீரைக் கீழே இழுத்துவிடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் என்பது 61 கன அங்குலம். உங்கள் தொட்டியில் ஓர் அங்குலத் தண்ணீர் 36 × 18 = 648 கன அங்குலம், அதாவது பத்தரை லிட்டர். ரிட்டர்ன் வாய் ஒன்றரை அங்குல ஆழத்தில் இருந்தால் 16 லிட்டர் இறங்கும். ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் பைப்பிலும் நிற்பதைச் சேர்த்து 20 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் காட்டிய சம்ப்பில் ஓர் அங்குலம் 4.7 லிட்டர். பத்து அங்குலத் தண்ணீரில் ஓடினால் மேலே மிச்சம் ஐந்து அங்குலம், விளிம்பு தொடும்வரை 23 லிட்டர். எப்படியோ சமாளிக்கும் போலத் தெரியும். ஆனால் பைப் பொருத்துகிறவர் அந்த வாயை மூன்று அங்குலம் கீழே இறக்கிவிட்டால் 35 லிட்டர் வந்துவிடும். மீதி, ஹாலில்.

ஸ்டாண்டுக்குள் இடம் இருக்குமானால் 30 × 14 × 16 அங்குலத்தில் செய்யுங்கள். இதில் ஓர் அங்குலம் ஏறக்குறைய 7 லிட்டர். ஒன்பது அங்குலத்தில் ஓட்டினால், விளிம்புக்கு ஓர் அங்குலம் விட்டும் 40 லிட்டர் வாங்கிக்கொள்ளும். ரிட்டர்ன் பைப்பில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே கால் அங்குல ஓட்டை ஒன்று போடச் சொல்லுங்கள். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். பாசி அடைத்துக்கொள்ளும் என்பதால் மாதம் ஒரு தடவையாவது குச்சியால் குத்திவிட வேண்டும். 'நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடுவது) போட்டுவிட்டோம், தண்ணீரே இறங்காது' என்று சொல்வார்கள். உப்புத் தண்ணீரில் அந்த வால்வுக்குள் சுண்ணாம்பு படியும், நத்தை போய் உட்காரும். அது இருக்கிற தைரியத்தில் சம்ப்பைச் சிறிதாக்கிவிடாதீர்கள்.

வெள்ளம் கீழே மட்டும்தான் வரும் என்றில்லை. ஓவர்ஃப்ளோவில் பாசியோ நத்தையோ அடைத்துக்கொண்டால் பம்ப் பாட்டுக்குக் கடைசி அறைத் தண்ணீரை மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். அந்த அறையில் பம்ப் உறிஞ்சக்கூடிய அத்தனை தண்ணீரும் மேலே ஏறினாலும் மேல் தொட்டி வழியக் கூடாது. மேலே ஒன்றரை அங்குலம் காலியாக இருந்தால் 16 லிட்டர் கொள்ளும். பம்ப் அறை ஒன்பது அங்குல நீளம், எட்டு அங்குலத் தண்ணீர் என்று வைத்தால் மொத்தமே 16 லிட்டர்தான், சரியாக வரும். ஓவர்ஃப்ளோவுக்கு இரண்டு ஓட்டை போடுங்கள். ஒன்று வேலைக்கு, மற்றது ஆபத்துக்கு. ஆபத்துக்கான பைப்பில் வால்வே கூடாது. ஓட்டை போடப்போகிற பக்கத்துக்கு டஃபண்ட் (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடி வாங்கிவிடாதீர்கள், துளைத்தால் நொறுங்கிவிடும்.

அறைகள் விஷயம். ஐந்து அறையும் வேண்டாம், மூன்று போதும். தண்ணீர் விழுகிற முதல் அறையில் ஃபில்டர் சாக் (அழுக்கை வடிகட்டுகிற துணிப் பை) அல்லது பஞ்சு. அடுத்து, கழிவை நுரையாகப் பிரித்துக் கோப்பையில் சேர்க்கிற ஸ்கிம்மருக்கு ஓர் அறை. கடைசியாக ரிட்டர்ன் பம்ப். ஸ்கிம்மருக்கும் பம்ப்புக்கும் நடுவில், ஓர் அங்குல இடைவெளியில் மூன்று தடுப்புக் கண்ணாடிகள். தண்ணீர் முதல் கண்ணாடிக்கு மேலே, இரண்டாவதற்குக் கீழே, மூன்றாவதற்கு மேலே போனால் காற்றுக் குமிழி அங்கேயே நின்றுவிடும். முதல் தடுப்பின் உயரம்தான் ஸ்கிம்மர் எத்தனை அங்குலத் தண்ணீரில் நிற்கிறது என்பதை முடிவு செய்யும். ஒவ்வொரு ஸ்கிம்மருக்கும் தேவையான ஆழம் வேறு, ஏழோ எட்டோ ஒன்பதோ பெட்டியிலேயே போட்டிருக்கும். அதனால் ஸ்கிம்மரை முதலில் வாங்குங்கள், சம்ப்பைப் பிறகு செய்யுங்கள். ரெடிமேட் சம்ப்பில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். தடுப்பை ஒட்டித் தந்துவிடுவார்கள், ஸ்கிம்மர் அதற்குப் பொருந்தாது, அடியில் கட்டை வைத்து ஏற்றிக்கொண்டு திண்டாட வேண்டியதுதான்.

பயோபாலுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அழுக்கு தேங்கி நைட்ரேட்தான் ஏறும். துளைகள் உள்ள பாறை மேல் தொட்டியில் இருந்தால் பாக்டீரியாவுக்கு அதுவே இடம். பாசி வளர்க்கிற ரீஃப்யூஜியம் நல்லதுதான், ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். சாக்கை மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை கழற்றித் துவைக்க முடியாது என்றால் அதையும் போடாதீர்கள்.

ரிட்டர்ன் பம்ப் பெரிதாக இருக்கத் தேவையில்லை. மேல் தொட்டி 190 லிட்டர். மணிக்கு அதைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு, அதாவது 600 முதல் 900 லிட்டர் மேலே வந்து சேர்ந்தால் போதும். பவளத்துக்கு வேண்டிய அலையை வேவ்மேக்கர் கொடுக்கட்டும்.

இனி ஸ்டாண்ட். வெல்டிங் பட்டறையில் செய்தால் முன்பக்கம் நடுக்கால் வைக்க விடாதீர்கள், 30 அங்குல சம்ப் உள்ளே போகாது. மேல் தொட்டியை ஏற்றிவிட்டு சம்ப்பை நுழைக்க முடியாமல் நிற்பதும் நடக்கிறது. ஸ்கிம்மர் கோப்பையை மேலே தூக்கிக் கழற்ற நான்கைந்து அங்குலம் இடம் வேண்டும். இரும்பு உப்புக் காற்றில் அரித்துப்போகும், எபாக்ஸி பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். பின்பக்கத்தை மூடாதீர்கள். மே மாதத்தில் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டுகிறது, பவளத்துக்கு வேண்டியது 25 முதல் 27. மூடிய பெட்டிக்குள் பம்ப் சூடும் சேர்ந்துகொள்ளும். சம்ப்பின் மேல் சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், கத்திரி வெயிலுக்கு அது போதாது. ஏசி இல்லாத அறை என்றால், தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லருக்கும் இப்போதே பட்ஜெட்டில் இடம் வையுங்கள். பிளக் பாயின்ட் சம்ப்புக்கு மேலே, பக்கவாட்டில் இருக்கட்டும். வயர் ஒரு தொங்கல் விட்டுப் போகட்டும், அப்போதுதான் வழிகிற தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே கரண்ட்டைத் துண்டிக்கிற சுவிட்ச்) இல்லாத லைனில் இதை ஓட்டவே கூடாது.

உள்ளூர்க் கண்ணாடிக் கடை தாராளமாகப் போதும். சம்ப் வெறும் கண்ணாடிப் பெட்டிதான். பூஞ்சை தடுப்பு மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கான் போடக் கூடாது என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒட்டி ஒரு வாரமாவது காயட்டும். கடையில் வாங்கினாலும் சரி, செய்தாலும் சரி, ஒரே தொகையாக பில் வாங்காதீர்கள். சம்ப், பம்ப், பைப் வேலை தனித்தனியாக, பம்ப் மாடலும் வாரன்டியும் எழுதி வாங்குங்கள்.

எல்லாம் பொருத்திய பிறகு உப்பு போடாமல் வெறும் தண்ணீரில் ஓட்டி, மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். சம்ப்பில் தண்ணீர் ஏறி நிற்கிற இடத்தில் பெர்மனன்ட் மார்க்கரால் ஒரு கோடு. மறுபடி ஓடவிட்டு, ஓடும்போது பம்ப் அறையில் நிற்கிற மட்டத்தில் இன்னொரு கோடு. இந்த இரண்டாவது கோட்டுக்கு மேல் எப்போதும் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆவியாகிற தண்ணீர் அந்த அறையில் மட்டும்தான் குறைந்து தெரியும். ஃபேன் ஓடுகிற நாளில் மூன்று நான்கு லிட்டர்கூடக் குறையலாம்.

கேள்வி: தொட்டியில் ஆவியாகிற தண்ணீரை ஈடுகட்ட வீட்டு ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமா? கேன் தண்ணீர் பரவாயில்லையா? எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். — வாசகி, ராணிப்பேட்டை

பதில்: முதலில், தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள். இந்த விளையாட்டிலேயே விலை குறைந்த பொருள் அதுதான், உப்பை அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டருக்கும் முன்னால் வாங்க வேண்டியது. பாலாற்றங்கரை நிலத்தடி நீரைத் தோல் கழிவு என்ன செய்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல, 1996-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன விஷயம். ஆர்ஓ சவ்வு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நீக்குகிறது என்றே வைத்தாலும், 1500 டிடிஎஸ் உள்ள போர் தண்ணீர் 75 ஆகத்தான் வெளியே வரும். குடிநீர் மெஷினில் ருசிக்காகக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைக் கலந்துவிடுகிற வால்வு வேறு இருக்கும். குடிக்க நல்லது, பவளத்துக்கு ஆகாது. ஆவியாவது தண்ணீர் மட்டும், கரைந்தது எல்லாம் தொட்டியிலேயே தங்கும். தினமும் ஊற்ற ஊற்றச் சேர்ந்துகொண்டே போய்ப் பாசி பிடிக்கும்.

தொட்டிக்கென்று தனி ஆர்ஓ வைத்து, கடைசியில், மிச்சம் கரைந்திருப்பதையும் பிடித்துக்கொள்கிற டிஐ ரெசின் குழாய் ஒன்று சேர்த்தால் மீட்டரில் சுழியம் வரும். உங்கள் போர் தண்ணீருக்கு ரெசின் சீக்கிரம் தீரும், மாற்று ரெசின் விலையையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். கேன் தண்ணீரையும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம். ஈடுகட்ட ஊற்றுகிற தண்ணீரில் உப்புச் சேர்க்கக் கூடாது, தொட்டித் தண்ணீரை மாற்றும்போது மட்டும்தான் உப்பு.

கேள்வி: ஆன்லைனில் மணிக்கு 3000 லிட்டர் பம்ப் என்று வாங்கினேன். சம்ப்பிலிருந்து மேலே பாதிகூட வரவில்லை. விற்றவர் பணம் தர மறுக்கிறார். — வாசகர், காட்பாடி

பதில்: பெட்டியில் போடுகிற லிட்டர் கணக்கு, தண்ணீரை உயரத்துக்கே ஏற்றாமல் அளந்தது. பக்கத்தில் அதிகபட்ச உயரம் என்று இரண்டு மீட்டரோ மூன்று மீட்டரோ போட்டிருப்பார்கள், அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வராது. ஸ்டாண்டும் தொட்டியுமாக நான்கு அடி ஏற்றி, இரண்டு எல்போவும் போட்டால் இரண்டு மீட்டர் பம்ப் பாதிக்குக் கீழேதான் தரும். அது குறைபாடு ஆகாது.

உண்மையிலேயே ஏமாற்றா என்று பார்க்க, ஒரு டப் தண்ணீரில் பம்ப்பைப் போட்டு, அதே மட்டத்தில் 20 லிட்டர் பக்கெட்டை நிரப்புங்கள். மணிக்கு 3000 லிட்டர் என்றால் 24 நொடியில் நிரம்ப வேண்டும். 40, 50 நொடி ஆனால் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் வந்தது என்று ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும் என்பது 2020-ம் ஆண்டு மின்வணிக விதி. நகரவில்லை என்றால் 1915-ஐக் கூப்பிடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 2019 சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

கேள்வி: ராமேஸ்வரம் போகிற நண்பர், கரையில் கிடக்கிற பவளப்பாறையை எடுத்துவந்து தருகிறேன் என்கிறார். சம்ப்பிலும் தொட்டியிலும் போடலாமா? — வாசகர், ஆற்காடு

பதில்: வேண்டாம் என்று இன்றே போன் செய்து சொல்லிவிடுங்கள். கடினப் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்துக் கரை ஒதுங்கியதை எடுத்தாலும் வைத்திருந்தாலும் குற்றம்தான், அபராதத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. கடையில் 'லைவ் ராக்' (பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் ஒட்டியிருக்கிற கடல் பாறை) என்று விற்றாலும் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வந்துவிடுங்கள். செயற்கையாக வார்த்த உலர்ந்த பாறை கிடைக்கிறது, அது போதும். பாக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் டெஸ்ட் கிட்டில் சுழியம் காட்டிய பிறகு முதல் மீனை வாங்குங்கள். பவளத்தில் மஷ்ரூம், ஜோவாந்தஸ் போன்ற மென்மையான வகைகளில் ஆரம்பியுங்கள், அதற்கும் பில் வாங்கி வையுங்கள்.