வளைவில் உரசும் ரயில் பெட்டிகள்: ட்ராக் இடைவெளி எவ்வளவு?

கேள்வி: எட்டுக்கு நாலு பிளைவுட்டில் மாடல் ரயிலுக்கு எச்.ஓ. அளவில் (1:87, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) இரட்டைப் பாதை போட்டிருக்கிறேன். மையத்திலிருந்து மையத்துக்கு எல்லா இடத்திலும் 51 மி.மீ. வளைவில் வெளிப்பாதையின் ஆரம் 505 மி.மீ., உட்பாதையின் ஆரம் 454. நேர்ப்பாதையில் சிக்கல் இல்லை. வளைவில் இரண்டு ஐ.சி.எஃப். (சென்னைத் தொழிற்சாலையின் பழைய வகைப் பெட்டி) ரயில்கள் எதிரெதிரே வந்தால் மட்டும் உரசிக்கொள்கின்றன. ஏன்?

பதில்: 51 என்ற எண், பீக்கோ என்ற பிரிட்டிஷ் மாடல் ரயில் கம்பெனியின் ஸ்ட்ரீம்லைன் பாயின்ட்டுகளோடு (பாதை பிரியும் துண்டுகள்) வந்தது. பிரிட்டிஷ் வண்டிகளை மனதில் வைத்த கணக்கு அது. அங்கே பெட்டியின் அகலம் சுமார் 2.7 மீட்டர், பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டியோ 3.245 மீட்டர். உங்கள் அளவில் அது 37 மி.மீ. நேர்ப்பாதையில் நடுவே 14 மி.மீ. மிஞ்சுகிறது, அதனால் தப்பித்தீர்கள்.

வளைவில் பெட்டி வளையாது. இரண்டு போகிகளுக்கு (பெட்டிக்கு அடியிலுள்ள சக்கரத் தொகுதிகள்) நடுவிலுள்ள பகுதி உள்பக்கமாகத் தள்ளும், முனைகள் வெளிப்பக்கமாகத் தள்ளும். நடுப்பகுதி எவ்வளவு தள்ளும் என்று பார்க்க, போகி மையங்களுக்கு இடையிலான தூரத்தின் வர்க்கத்தை ஆரத்தின் 8 மடங்கால் வகுக்க வேண்டும். ஐ.சி.எஃப். பெட்டிக்கு அந்தத் தூரம் 170 மி.மீ. எனவே வெளிப்பாதைப் பெட்டி 7 மி.மீ. உள்ளே வரும். முனைக்கு, பெட்டி நீளத்தின் (245) வர்க்கத்திலிருந்து 170-இன் வர்க்கத்தைக் கழித்துவிட்டு அதே மாதிரி வகுங்கள். உட்பாதைப் பெட்டியின் முனை எட்டரை மி.மீ. வெளியே வரும். அகலத்தோடு கூட்டினால் 53. உங்களிடம் இருப்பது 51. உரசாமல் என்ன செய்யும்?

நாளைக்கு எல்.எச்.பி. (புதிய வகை நீளப் பெட்டி) பெட்டியும் வாங்குவீர்கள் (வாங்காமல் இருக்க மாட்டீர்கள்!). அது 270 மி.மீ. நீளம், முனை இன்னும் 3 மி.மீ. கூடுதலாகத் தள்ளும். ஆகவே 65 மி.மீ. வையுங்கள். வெளி ஆரம் 560, உள் ஆரம் 495 என்று போட்டால் எல்.எச்.பி. பெட்டிகளுக்கும் நடுவே 10 மி.மீ. கிடைக்கும். ஒன்று, வெளிப்பக்கம் பலகை விளிம்புக்கு இரண்டு சென்டிமீட்டர்தான் மிஞ்சும். அங்கே ஓர் அக்ரிலிக் பட்டை அடித்துவிடுங்கள், ரயில் தரையில் விழாது.

வளைவில் மட்டும் அகட்டி நேரில் 51-க்குத் திரும்பலாமா என்றால், நான் வேண்டாம் என்பேன். பெட்டி பாதி வளைவிலும் பாதி நேரிலும் நிற்கும்போதே முனை வெளியே போகத் தொடங்கிவிடும். அதனால் வளைவுக்கு ஒரு பெட்டி நீளம் முன்பிருந்தே அகட்ட வேண்டியிருக்கும். தவிர, இந்திய அகலப் பாதையில் புதிய வேலைகளுக்கு மைய இடைவெளி குறைந்தது 5.3 மீட்டர். எச்.ஓ.வில் அது 61 மி.மீ. நம் ஊர்ப் பாதைக்கு 65 அப்படியொன்றும் அகலமாகத் தெரியாது. கிராஸ்ஓவர் (ஒரு பாதையிலிருந்து மற்றதற்கு மாறும் இணைப்பு) இருந்தால், கூடுதலான 14 மி.மீ. இடைவெளிக்காக இரண்டு பாயின்ட்டுகளுக்கும் நடுவே சாய்வில் 67 மி.மீ. துண்டு ஒன்றைச் சேருங்கள். 12 டிகிரி சாய்வுக்குக் கணக்கு சரியாக வரும்.

ஆணி அடிக்கும் முன் ஒரு சோதனை. 270-க்கு 37 அளவில் அட்டை வெட்டி, போகி இருக்கும் இரண்டு இடங்களிலும் குண்டூசி குத்துங்கள். இரண்டு ஊசிகளும் மையக் கோட்டிலேயே போகும்படி நகர்த்திக்கொண்டு, அட்டையின் நடுவிலும் மூலையிலும் பென்சிலால் கோடு இழுங்கள். சுரங்க வாய், மின்கம்பம், பிளாட்பார விளிம்பு எல்லாம் அந்தக் கோட்டுக்கு வெளியேதான்.