ஒப்புக்கொண்ட பிறகும் ஏன் இந்த எதிர்ப்பு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேதாந்த வகுப்புகளுக்குப் போகிறேன். ‘நான் உடல் அல்ல’ என்பது கேட்கும்போது தெளிவாகவே இருக்கிறது. ஆனால் ஒரு ரத்தப் பரிசோதனை முடிவு தாமதமானதும் எல்லாம் போய், ராசிபலன் பார்க்க உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் இதையெல்லாம் பேசினால் கோபப்படுகிறார்கள். உண்மை என்று தெரிந்தும் பொய்யான ஆறுதலை ஏன் விடமுடிவதில்லை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். யோக சூத்திரத்தில் பதஞ்சலி சொல்லும் ஐந்து கிலேசங்களில், அதாவது மனத்தை வருத்தும் குறைகளில், கடைசியானது அபிநிவேசம், உயிர்மேல் உள்ள பிடிப்பு. அது கற்றறிந்தவரிடமும் தன்போக்கில் ஓடிக்கொண்டிருக்கும் என்று அதைச் சொல்லும் சூத்திரத்திலேயே (2.9) சொல்லிவிடுகிறார்.

நூல் என்ன சொல்கிறது என்ற ஐயம் சிரவணத்தில், அதாவது ஆசிரியரிடம் கேட்பதில், தீரும். அது எப்படிப் பொருந்தும் என்ற ஐயம் மனனத்தில், கேட்டதை ஆராய்ந்து சிந்திப்பதில், தீரும். இரண்டும் தீர்ந்த பிறகும் ‘உடலே நான்’ என்று ஊறிப்போன பழக்கம் அப்படியே இருக்கும். விபரீத பாவனை என்பது இதைத்தான். தர்க்கத்தால் வந்ததல்ல என்பதால் தர்க்கத்தால் போகாது, தெளிந்ததில் மனத்தை ஊன்றி நிறுத்தும் நிதித்யாசனம் இதற்காகவே. பலர் இந்த இடத்தில் இன்னொரு வகுப்பில் சேர்ந்து மறுபடி சிரவணத்துக்கே போய்விடுகிறார்கள்.

தினமும் இருபது நிமிடம் உட்காருங்கள். அன்று உறுத்திய ஒரே ஒரு பயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது உடலில் எங்கே தெரிகிறது, தொண்டையிலா வயிற்றிலா என்று பாருங்கள். காரணம் தேட வேண்டாம். சற்று நேரத்தில் ‘எனக்கு அப்படியெல்லாம் ஆகாது’ என்று மனம் ஓர் ஆறுதலை நீட்டும். அந்தக் கணத்தை விடாதீர்கள். இந்த எண்ணம் யாருக்கு என்று, ரமணர் காட்டிய வழியில், ஒருமுறை கேளுங்கள். ‘எனக்கு’ என்று தோன்றும். உடனே கவனத்தை அந்த ‘நான்’ என்னும் உணர்வின் பக்கம் திருப்பி அங்கேயே இருங்கள். நழுவினால் மறுபடி கேட்கலாம்.

கேள்வியை ஓயாமல் உச்சரித்தால் அது ஜபமாகிவிடும். அதைவிடப் பெரிய தவறு, ‘நான் சாட்சி மாத்திரம்’ என்று சொல்லிக்கொண்டு பயத்தை ஒதுக்கிவைப்பது. ராசிபலன் செய்த வேலையைத்தான் அந்த வாக்கியமும் செய்கிறது. நல்ல நூலிலிருந்து வந்ததால் கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

வீட்டார் தாங்களாகக் கேட்காமல் அவர்களிடம் இதைப் பேசாதீர்கள், அதுவும் துக்கத்தில் இருப்பவரிடம் வேண்டவே வேண்டாம். விவேகம், வைராக்கியம் எனும் பற்றின்மை, சமம் எனும் மன அடக்கம் முதலான ஆறு குணங்கள், விடுதலை வேட்கை என நான்கு தகுதிகளை மரபு முதலில் கேட்பது காரணத்தோடுதான். தாங்கும் வலு வராத மனத்தில் உண்மையைத் திணித்தால், அது பழைய நம்பிக்கையை முன்னைவிட இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். உங்கள் வீட்டில் வரும் கோபத்தை அப்படித்தான் நான் பார்க்கிறேன். அவர்களாகக் கேட்கும் நாளில், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்