கலியாணம் முடிச்சா குடி மாறுமா?

அக்கா, இருபாலீர்ப்பு, அதான் ஆம்பிளையையும் பொம்பிளையையும் பிடிக்கிறது, அதப் பத்தி நீங்க எழுதினத வாசிச்சுட்டுத்தான் எழுதுறன். வயசு 27, மட்டக்களப்பில ஆரையம்பதிப் பக்கம். கம்பஸ்ல என்னோட படிச்ச ஒருத்தியோட ரெண்டு வருசம் லவ். இப்ப ஒரு பொடியன முடிக்கப்போறன், அவர உண்மையாவே பிடிச்சிரிக்கு. ஒரு கூட்டாளி "அப்ப சரியாகிட்டாய்" எண்டுறா, இன்னொருத்தி நான் அந்த நேரம் நடிச்சனாம் எண்டுறா. அவர் "இப்பவும் பொம்பிளைகளப் பிடிக்குமா" எண்டு கேக்கிறார். விளக்கம் சொல்லியே களைச்சுப்போனன். எல்லாருக்கும் சொல்லத்தான் வேணுமா, அம்மாக்கும்?
(பேர் போட வேணாம்)

தங்கச்சி, "சரியாகிட்டாய்" எண்ட சொல்ல என்ட கலியாணத்தண்டு ஒருத்தி காதுக்குள்ள வந்து சொன்னவ, பதினொரு வருசமாகியும் அது போகல்ல.

நம்மட ஊர்ல குடி எண்டு ஒண்டு இரிக்கே, வம்சம் மாதிரி, கோயில் திருவிழாவில எந்தக் குடிக்கு எந்த நாள் எண்டு பாக்கிறது, அது அம்மாட வழியா வாறது. வேற குடியிலதான் மாப்பிள எடுக்கிற, எடுத்தாலும் உங்கட குடி உங்களோடதான், புருசன்ட குடிக்கு மாறிட்டியா எண்டு ஆரும் கேக்கிறல்ல. இதுவும் அப்படித்தான், ஒராள முடிச்ச உடனே மனசு பாதியாகிறல்ல. ஆம்பிளையோட நிண்டா நோர்மல், பொம்பிளையோட நிண்டா லெஸ்பியன் எண்டு ரெண்டு பக்கமும் நம்மள அவங்கட கணக்கில எழுதிப்போடுறாங்க. 1998ல மைக்கேல் பேஜ் எண்டவர் இதுக்கு ஒரு கொடி செஞ்சவர், ரோசும் நீலமும், நடுவில ரெண்டும் கலந்த ஊதா, அந்த ஊதா ரெண்டு பக்கமும் கரைஞ்சு தெரியாமப் போறமாதிரித்தான் நாமளும் எண்டதுதான் அவர்ட எண்ணம்.

அதுக்காக எல்லாருக்கும் தெரிய வைக்கிற வேலை உங்கட தலையில இல்ல. ஆம்பிளையத்தான் பிடிக்கும் எண்டு சொல்ற பொம்பிளையிட்ட ஆரும் சாட்சி கேக்கிறல்லதானே. நடிச்சாய் எண்டவவுக்குப் பதில் வேணாம், அவ அந்த மற்றப் பிள்ளைட ரெண்டு வருசத்தையும் சேர்த்தெல்லோ இல்லாமப் பண்றா, எனக்கு அதுதான் கூடக் கோவம்.

அம்மாக்கு இப்பவே சொல்லுங்க எண்டு சொல்ல மாட்டன். இலங்கைட 1883ம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில, ஒரே பாலார் உறவக் குற்றமாக்கிற 365ஏ பிரிவு இன்னும் கிடக்கு, 1995ல திருத்தின நேரம் அத எடுக்காம பொம்பிளைகளையும் உள்ளுக்குச் சேர்த்தாங்க. 2023 மே மாசம் அத நீக்கிற சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்ல எண்டு உயர் நீதிமன்றம் சொல்லியும் சட்டம் அப்படியேதான். நம்மட பக்கம் வீடும் பொம்பிளப் பிள்ளைக்குச் சீதனமா அம்மாட கையாலதான் வாற, கதை பரவினா நிக்கிறதுக்கு ஒரு இடம் இரிக்கா எண்டு பாத்துட்டு வாயத் திறக்கிறது பயந்தாங்கொள்ளித்தனம் இல்ல.

ஆனா அவர் கேட்டது வேற. உங்களோட சீவிக்கப் போறவர், பயத்தில கேக்கிறார். "ஓம் பிடிக்கும், உங்களையும் பிடிச்சிரிக்கு, உங்களத்தான் முடிக்கப்போறன்" எண்டு ஒருக்கா நேராச் சொல்லுங்க. என்ட இவர் அதக் கேட்டுட்டு பழைய கல்லடிப் பாலத்தில இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் பேசாம நடந்தவர், நானும் பின்னால நடந்தன், இறங்கின இடத்தில நிண்டு "பசிக்குது, வாங்க சாப்பிடுவம்" எண்டார். அந்தக் கேள்விய அதுக்குப் பிறகு கேக்கவே இல்ல.