பழைய சின்ன டிராக்டருக்கு மும்முனை இணைப்பு: குமரியிலிருந்து வந்த கேள்விகள்

கன்னிப்பூ நெல் அறுவடை முடிந்து அடுத்த போகமான கும்பப்பூவுக்கு வயலை ஒருக்கும் நேரம் நெருங்கினால் கொட்டகையில் கிடக்கும் இரும்புக்கெல்லாம் உயிர் வந்துவிடும். டிரெய்லர் இழுக்க மட்டும் வைத்திருந்த பழைய சின்ன டிராக்டரின் பின்னால் மும்முனை இணைப்பை (லிங்கேஜ்; கீழே இரண்டு கைகள், மேலே டாப் லிங்க் என்ற தண்டு, இந்த மூன்றிலும் கருவியை மாட்டும் அமைப்பு) பொருத்திக் கலப்பை கட்டலாமா என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

ரப்பர் மறுநடவு செய்த நிலத்தில் ஊடுபயிராக அன்னாசி வைக்க உழ வேண்டும். என்னிடம் 18 குதிரைத்திறன் பழைய ஜப்பான் டிராக்டர் இருக்கிறது. பின்னால் ஹூக் மட்டுமே உண்டு. டாப் லிங்குக்கு ஒரு பிளேட் வெட்டி ஹவுசிங்கில் வெல்டிங் வைத்துத் தருவதாகப் பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா? – குலசேகரம்

வேண்டாம். பட்டறைக்காரர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் வேண்டாம்.

பின்பக்க ஹவுசிங், அதாவது கியரையும் அச்சையும் மூடியிருக்கும் கூடு, வார்ப்பிரும்பு. முறையாகச் சூடேற்றாமல், அதற்கென்று உள்ள ராடு வைக்காமல், மெதுவாக ஆறவிடாமல் பற்றவைத்தால் பற்றின இடத்துக்குப் பக்கத்திலேயே விரிசல் ஓடும். உள்ளே பேரிங்கும் ஆயில் சீலும் இருக்கும்போது அப்படிச் சூடேற்றவும் முடியாது. முதல் வாரம் நன்றாகத்தான் உழும். ரப்பர் வேரில் கொழு மாட்டும் அன்றைக்குப் பிளேட்டோடு ஹவுசிங்கின் ஒரு துண்டும் பெயர்ந்து வரும்.

டாப் லிங்க் என்பது கலப்பை சாயாமல் பிடித்துக்கொள்ளும் கம்பி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உழும்போது கீழ்க் கைகள் இரண்டும் கலப்பையை இழுக்கின்றன. டாப் லிங்கோ டிராக்டரை முன்னோக்கித் தள்ளுகிறது. அச்சுக்கு மேலே விழும் அந்தத் தள்ளுதான் முன்பக்கத்தைத் தரையில் அழுத்தி வைக்கிறது. அந்தக் காலத்து ஃபோர்ட்சன் டிராக்டர்கள் கலப்பை பாறையில் மாட்டினால் முன்சக்கரம் தூக்கிப் பின்னால் கவிழ்வதற்குப் பேர்போனவை. ஹாரி ஃபெர்குசன் 1926இல் காப்புரிமை பெற்ற அமைப்பு தீர்த்துவைத்த பெரிய சிக்கல் அதுதான். 1939இல் ஃபோர்டு 9என் டிராக்டரில் வந்த பிறகு உலகமே அதைப் பின்பற்றியது. கலப்பையைத் தூக்கியதும் அதே டாப் லிங்கில் விசை திசை மாறி இழுவையாகிவிடும். வரப்புக்கு வரப்பு தள்ளும் இழுப்பும் மாறி மாறி விழுகிற இடத்தை ஒரு வெல்டிங் கோட்டை நம்பி விடக்கூடாது.

செய்ய வேண்டியது இது. ஹவுசிங்கின் பின்முகத்தை மண்ணெண்ணெய் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். பெயிண்டும் கிரீஸும் போனால் பெரும்பாலும் மரை வெட்டிய துளைகள் தெரியும். சிலவற்றில் குட்டை போல்ட் போட்டு அடைத்திருப்பார்கள். ஒரே மாடலை லிங்கேஜ் உள்ளதாகவும் இல்லாததாகவும் விற்ற வண்டிகளில் வார்ப்பு ஒன்றுதான். அந்தத் துளைகளில் போல்ட் போட்டு நிறுத்தும் பிராக்கெட்டே சரியான வழி. போல்ட் வாங்குமுன் மரையை அளந்துகொள்ளுங்கள். 12 மில்லிமீட்டர் போல்ட் 1.75 மில்லிமீட்டர் மரை இடைவெளியிலும் 1.25 மில்லிமீட்டர் மரை இடைவெளியிலும் கிடைக்கும். ஜப்பான் வண்டிகளில் 1.25 நிறைய உண்டு. தவறானதை ஸ்பானரால் முறுக்கி ஏற்றினால் ஹவுசிங்கின் மரை போய்விடும். துளையே இல்லையென்றால் அந்த வண்டி டிரெய்லரோடு இருக்கட்டும்.

ஹைட்ராலிக் இல்லாத வண்டி. பேட்டரியில் ஓடும் பம்ப் வைத்து, பழைய டிப்பர் ஜாக்கால் தூக்கலாமா? – தோவாளை

பம்ப் வைக்கலாம், டிப்பர் ஜாக் வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சிலிண்டருக்கு 150 பார் அழுத்தம் கொடுத்தால் சுமார் 1,900 கிலோ விசை வரும். நெம்பு அமைப்பில் அது மூன்றில் ஒன்றாகக் குறைந்தாலும் கைகளின் நுனியில் 600 கிலோவுக்கு மேல் நிற்கும். சின்ன வண்டிக்கு அதுவே மிகுதி. டிப்பர் ஜாக் அளவில் போனால் கலப்பை கல்லில் மாட்டியிருக்கும்போது கைகள் வளையும், இல்லையேல் முன்சக்கரம் எழும்பும்.

மேலே தூக்க மட்டும் எண்ணெய் தள்ளும் ஒருவழிச் சிலிண்டரே போதும். இறங்குவது கலப்பையின் எடையால் நடக்கட்டும். கீழேயும் அழுத்தினால் கலப்பை நிலத்தின் மேடு பள்ளத்தோடு ஏறி இறங்காது.

12 வோல்ட் மோட்டார் ஒவ்வொரு தூக்கலுக்கும் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய வண்டியின் டைனமோ அதை ஈடுகட்டத் திணறும். நீளப் பாத்தியில் வரப்புக்கு வரப்பு ஒருமுறை தூக்குவதென்றால் சமாளிக்கலாம். பத்தடிக்கு ஒருமுறை திரும்பும் பூப்பாத்திக்கு இது ஒத்துவராது.

கலப்பையை மாட்டும் பின் (முளை) 22 மில்லிமீட்டர், வண்டியின் கைத்துளை அதைவிடச் சின்னது. துளையைப் பெரிதாக்கலாமா? – இரணியல்

கூடாது. மும்முனை இணைப்புகளை அளவை வைத்து வகை பிரித்திருக்கிறார்கள். உங்கள் கைகள் பூஜ்ய வகையைச் சேர்ந்தவை. பின் அளவு 16 மில்லிமீட்டர். கலப்பை முதல் வகை. துளையைக் குடைந்தால் சுற்றியுள்ள இரும்பு மெலிந்துவிடும். கலப்பையின் பின்னைக் கழற்றி 16 மில்லிமீட்டர் பின் போடச் சொல்லுங்கள். அகலத்தையும் பாருங்கள்: பூஜ்ய வகைக்கு இரண்டு பின்களுக்கும் இடையே 508 மில்லிமீட்டர், முதல் வகைக்கு 683. பின்னைச் சிறிதாக்கிவிட்டதால் கலப்பையின் எடை குறைந்துவிடாது என்பதும் நினைவில் இருக்கட்டும். தலைகீழாக, கைத்துளை பெரிதாகவும் பின் சிறிதாகவும் இருந்தால் இடையில் புஷ் போட்டால் போதும்.

தொழி (சேற்றுழவு) அடித்த பிறகு லிப்ட் தானாக இறங்குகிறது. டிப் ஸ்டிக்கில் எண்ணெய் மோர் நிறத்தில் இருக்கிறது. – பூதப்பாண்டி

நிறம் பதிலைச் சொல்லிவிட்டது: எண்ணெயில் தண்ணீர். சின்ன டிராக்டர்கள் பலவற்றில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். அப்படியிருந்தால் அதே எண்ணெயில் பேரிங்குகளும் கிடக்கின்றன. இனி ஒரு சால்கூட ஓட்ட வேண்டாம். முழுவதும் வடித்து, பில்டரைக் கழுவி அல்லது மாற்றிப் புது எண்ணெய் ஊற்றுங்கள். அச்சு சீல்களையும் கியர் லீவரின் ரப்பர் உறையையும் பார்த்து மாற்றாவிட்டால் அடுத்த தொழியில் மறுபடியும் மோர்தான்.

புது எண்ணெயிலும் லிப்ட் இறங்கினால் சிலிண்டர் ஓ-ரிங்கையோ வால்வையோ பாருங்கள். எது எப்படியானாலும், தூக்கி நிற்கும் கலப்பைக்கு அடியில் கையை நீட்டாதீர்கள்.

புல் வெட்டும் ஸ்லாஷர் கட்டினேன். கிளட்சை மிதித்தும் வண்டி நிற்காமல் தள்ளிக்கொண்டு போகிறது. பிரேக் கோளாறா? – மார்த்தாண்டம்

பிரேக்கைக் குறை சொல்லாதீர்கள். ஒற்றைக் கிளட்ச் உள்ள பழைய வண்டிகளில், என்ஜின் சுழற்சியைப் பின்னால் கட்டிய கருவிக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டும் சக்கரமும் கியர்பெட்டி வழியாகப் பிணைந்தே இருக்கும். கிளட்சை மிதித்தால் என்ஜின் மட்டும் விலகும். சுற்றிக்கொண்டிருக்கும் கனமான பிளேடு தன் வேகத்தைப் பி.டி.ஓ. வழியாகச் சக்கரத்துக்கே திருப்பிக் கொடுத்து வண்டியைத் தள்ளும். இதற்கென்று ஒருவழிச் சுழற்சிக் கப்ளிங் இருக்கிறது. அதைப் பி.டி.ஓ. தண்டில் போட்டால் பிளேடு தன்பாட்டில் சுற்றி ஓயும், வண்டி நிற்கும். அது வரும்வரை ஸ்லாஷரைக் கழற்றி வையுங்கள். ரப்பர் தோட்டத்தில் சரிவை வெட்டி அமைத்த தட்டுகளின் ஓரத்தில் இரண்டடி கூடுதலாகப் போனால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

ரோட்டவேட்டரைத் தூக்கிக்கொண்டு வரப்பு ஏறினால் முன்சக்கரம் மிதக்கிறது. – அகஸ்தீஸ்வரம்

வண்டி 800 கிலோ, அதில் 320 கிலோ முன்னச்சில் என்று வைப்போம். 200 கிலோ ரோட்டவேட்டரின் நடுப்பகுதி பின்னச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி இருக்கிறது. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைவெளி 1.5 மீட்டர். 200ஐ 1.2ஆல் பெருக்கி 1.5ஆல் வகுத்தால் 160. அவ்வளவு கிலோ முன்னச்சிலிருந்து குறைந்துவிடுகிறது, மிச்சம் 160. வண்டி எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்னால் இருக்க வேண்டும் என்பது பொது விதி. சமதரையிலேயே நீங்கள் அந்த விளிம்பில்தான் இருக்கிறீர்கள். முன்பக்கம் எடைக்கட்டி மாட்டுங்கள், வரப்பைப் பின்னோக்கி ஏறுங்கள்.

டாப் லிங்க் பின்னில் சங்கிலி மாட்டி ரப்பர் மூட்டை (வேரோடு நிற்கும் அடிமரத்தை) பிடுங்கலாமா? – திருவட்டாறு

ஒருபோதும் கூடாது. அச்சுக்கு மேலே பிடித்து இழுத்தால் கண் இமைக்கும் நேரத்தில் வண்டி உங்கள் மேல் கவிழும். சங்கிலி அச்சுக்குக் கீழே உள்ள ஹூக்கில் மட்டும். மூட்டுக்கு ஜே.சி.பி. கூப்பிடுவதே மேல்.

இவ்வளவு செலவு செய்வது லாபமா? – குளச்சல்

லிங்கேஜ் உள்ள மாடலாக இருந்து, கைகளும் டாப் லிங்கும் மட்டும் காணாமல் போயிருந்தால் தாராளமாகச் செய்யலாம். பம்ப், வால்வு, சிலிண்டர் என்று எல்லாமே புதிதாக வேண்டுமென்றால் இந்த வண்டியை விற்று, லிங்கேஜோடு இன்னொரு பழைய வண்டி வாங்குவதே புத்திசாலித்தனம். பி.டி.ஓ. இல்லாத வண்டியென்றால் யோசிக்கவே வேண்டாம். லிங்கேஜ் போட்டாலும் ரோட்டவேட்டர் சுற்றாது. உங்கள் ஊர் கடற்காற்றுக்கு இன்னொன்று: வேலை முடிந்ததும் டாப் லிங்கைக் கழற்றி மரையில் கிரீஸ் பூசி உள்ளே வையுங்கள். ஒரு மழைக்காலம் வெளியே கிடந்தால் பிறகு அதைத் திருப்ப இரண்டு ஆள் வேண்டும்.