அல் கபோனைப் பிடித்தது எலியட் நெஸ்தானே? அப்புறம் ஏன் வரி ஏய்ப்பு வழக்கில் ஜெயிலுக்குப் போனான்?

நெஸ் இல்லை. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில் சிகாகோவில் கள்ளச்சாராயக் கும்பல் நடத்திய கபோனை உள்ளே தள்ளியது கணக்குப் பார்த்தவர்கள். நீங்கள் சினிமா பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சினிமாவில் துப்பாக்கி வைத்திருப்பவர்தான் ஹீரோ. கூட்டுறவுச் சங்கங்களில் தணிக்கை பார்த்தே தலை நரைத்தவன் நான். இதற்குப் பதில் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

நெஸ் மதுவிலக்குப் பிரிவு அதிகாரி. சிகாகோவில் கபோனின் பீர் ஆலைகளை உடைத்தார், அதில் கபோனுக்கு நல்ல நஷ்டம். 1931 ஜூனில், மதுவிலக்குச் சட்டத்தை 5,000 தடவை மீறியதாகக் குற்றப்பத்திரிகையும் வந்தது. ஆனால் அந்த வழக்கு விசாரணைக்கே வரவில்லை. தண்டனை வாங்கிக் கொடுத்தது வரித் துறையின் புலனாய்வுப் பிரிவு. அதன் தலைவர் எல்மர் ஐரி, களத்தில் இறங்கி வேலை பார்த்தவர் பிராங்க் வில்சன். சட்டவிரோத வருமானத்துக்கும் வரி உண்டு என்று 1927-ல் சல்லிவன் என்ற கள்ளச்சாராய வியாபாரியின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அவர்களுக்குக் கிடைத்த பிடி அதுதான்.

ஆனால் கபோன் எதிலும் தன் பெயர் வராமல் பார்த்துக்கொண்டவன். வருமானம் வந்ததற்கு அத்தாட்சி வேண்டுமே? வில்சன் பழைய பேப்பர்களைக் கிளறும்போது, 1926-ல் சிசரோ ஊரில் ஒரு சூதாட்டக் கடையில் நடந்த சோதனையில் பிடித்த பேரேடுகள் கையில் சிக்கின. நாலு வருஷமாக யாரும் அவற்றைப் புரட்டிப் பார்க்கவில்லை. லாபம் யார் யாருக்குப் பிரிந்தது என்று அதில் இருந்தது. எழுதியவன் யார்? கையெழுத்தை வங்கிச் சீட்டுகளோடு ஒப்பிட்டு, லெஸ்லி ஷம்வே என்ற கணக்குப்பிள்ளையைக் கண்டுபிடித்தார்கள். மியாமியில் ஒளிந்திருந்த அவரைத் தேடிப் போய் சாட்சியாக்கினார் வில்சன்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். காரணம் இருக்கிறது. ஒரு சங்கத்தில் நகைக்கடன் பேரேடும் ரொக்கப் புத்தகமும் ஒத்துப் போகவில்லை. செயலாளர் எல்லாவற்றுக்கும் ரசீது காட்டினார். உர ஸ்டாக் ரிஜிஸ்டர்களுக்குப் பின்னால், பீரோவின் அடித்தட்டில், அட்டை கிழிந்த நாற்பது பக்க நோட்டு ஒன்று கிடந்தது. செத்துப்போன உறுப்பினர்களின் பெயர்கள், எதிரே தொகை. யாருடைய கையொப்பமும் இல்லை. "யார் நோட்டோ சார், எனக்குத் தெரியாது" என்று சாதித்தார். நான் நோட்டில் இருந்த 5-ஐப் பார்த்தேன். மேல்கோட்டை உடம்போடு சேர்க்காமல், தள்ளித் தனியாகப் போட்டிருந்தது. ஊழியர்களின் விடுப்பு விண்ணப்பக் கட்டை எடுத்து வரச் சொல்லி ஒவ்வொன்றாகத் தேதியைப் பார்த்தேன். அதே 5, கேஷியரின் விண்ணப்பத்தில். பக்கத்தில் வைத்துக் காட்டியதும் அவர் உட்கார்ந்துவிட்டார். யார் சொல்லி எழுதினேன் என்பதையும் அன்று சாயங்காலமே எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் பேப்பரில் வந்த போட்டோவில் அந்த நோட்டைக் கையில் பிடித்தபடி போலீஸ் அதிகாரிகள் நின்றார்கள். "தணிக்கையின்போது தெரியவந்தது" என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

போலீஸ்காரர்களை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கைது செய்ய அவர்கள்தான் வேண்டும். நெஸ்ஸும் நேர்மையானவர், லஞ்சம் வாங்காதவர். அதை நான் மறுக்கவே இல்லை. பாராட்டு ஒரே பக்கம் போகிறதே என்றுதான் சொல்கிறேன். அதிலும் எங்கள் ஆட்கள் பஸ் ஏறி, வெயிலில் நடந்து, ஊர் ஊராகப் போய்க் கணக்குப் பார்ப்பார்கள். பயணப்படி பில் மட்டும் ஏதாவது ஆட்சேபணையோடு திரும்பி வரும். லட்சக்கணக்கில் கையாடலைக் கண்டுபிடித்தவனிடம் பஸ் டிக்கெட் எங்கே என்று கேட்டால் எப்படி இருக்கும்? இதையும் யாராவது எழுத வேண்டும்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 1924 முதல் 1929 வரை பத்து லட்சம் டாலருக்கு மேல் வருமானம், அதற்குக் கட்டாத வரி சுமார் 2,15,000 டாலர் என்பது குற்றச்சாட்டு. ஜூரியை, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவை, விலைக்கு வாங்கப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும், நீதிபதி வில்கர்சன் விசாரணை தொடங்கும் நேரத்தில் மொத்த ஜூரியையும் வேறொரு நீதிமன்றத்து ஜூரியோடு மாற்றிவிட்டார். ஷம்வே கூண்டேறிச் சொன்னார். 1931 அக்டோபர் 17-ல் ஐந்து குற்றங்கள் நிரூபணம் ஆயின. ஒரு வாரம் கழித்து 11 வருஷச் சிறை, 50,000 டாலர் அபராதம். கொலைகளுக்கு அவன் மேல் ஒரு வழக்கும் நிற்கவில்லை. சாட்சி சொல்ல ஆள் இருந்தால்தானே நிற்கும்? பேரேட்டை மிரட்ட முடியாது. அதனால்தான் வரி வழக்கு.