கணையத்தை அரிக்கும் நொதியையே மருந்தாக விழுங்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. நாள்பட்ட கணைய அழற்சி என்று டாக்டர் என்சைம் கேப்ஸ்யூல் கொடுத்திருக்கிறார். கணையத்தை அரிப்பதே என்சைம்தான் என்கிறார்களே, அதையே சாப்பிடலாமா? நான்கு மாதமாகச் சாப்பிட்டு முடித்ததும் ஒன்று போடுகிறார். மலம் இன்னும் எண்ணெயாகத்தான் போகிறது, எடையும் ஏறவில்லை.

பதில்: சந்தேகம் நியாயமானதுதான். புரதத்தைச் செரிக்கும் நொதியை, அதாவது என்சைமை, கணையம் தூங்கும் நிலையில்தான் தயாரிக்கிறது. அதன் பெயர் டிரிப்சினோஜன். குழாய் வழியாகச் சிறுகுடலுக்கு வந்த பிறகே, குடல்சுவரில் உள்ள இன்னொரு நொதி அதைத் தட்டி எழுப்பும். பித்தக்கல்லாலோ மதுவாலோ அது கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டால், இருக்கும் வீட்டையே தின்ன ஆரம்பிக்கிறது. அது திடீர் கணைய அழற்சி.

உங்கள் கணவரின் நிலை வேறு. அவருடைய கணையம் புண்பட்டுப் புண்பட்டுத் தழும்பேறி, சுரப்பதையே குறைத்துவிட்டது. நொதிச் சுரப்பு வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகும்போதுதான் பொதுவாக எண்ணெய் மலம் வரும். கேப்ஸ்யூல் கணையத்துக்குப் போவதில்லை. குடலில் சோற்றோடு கலந்து வேலை பார்க்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு உறுத்துவது 'சாப்பிட்டு முடித்ததும்' என்ற வார்த்தை. கேப்ஸ்யூலைத் திறந்தால் உள்ளே குட்டிக் குட்டி உருண்டைகள் இருக்கும். கொழுப்பைச் செரிக்கும் லைப்பேஸ் வயிற்று அமிலத்தில் செத்துவிடும் என்பதால் ஒவ்வொரு உருண்டைக்கும் மேலே பூச்சு உண்டு. குடலுக்குப் போனதும் பூச்சு கரையும். சோறு முன்னால் போய், நொதி பின்னால் வந்தால் என்ன பயன்? முதல் கவளத்தோடு ஒன்று. இரண்டு எழுதியிருந்தால் அடுத்தது பாதிச் சாப்பாட்டில். மெல்லவோ பொடிக்கவோ கூடாது. சூடான காபியோடும் வேண்டாம், தண்ணீர் போதும்.

அப்புறம் அளவு. அட்டையில் 10,000 அல்லது 25,000 என்று போட்டிருக்கும். அது லைப்பேஸ் யூனிட். பெரியவர்களுக்கு முழுச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000, வடை, பால் மாதிரி நொறுக்குக்கு அதில் பாதி என்று தொடங்குவதே வழக்கம். அவர் போடுவது 10,000 என்றால் மீன்குழம்புச் சாப்பாட்டுக்கு எந்த மூலைக்கு? நீங்களாகக் கூட்டாமல் டாக்டரிடம் கேளுங்கள். சரியான அளவிலும் குறையாவிட்டால், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் சேர்த்துப் பார்ப்பார்.

மருந்துக்கடையில் விற்கும் 'செரிமான சிரப்' இதற்கு மாற்று அல்ல. பெரும்பாலும் அதில் இருப்பது மாவுச்சத்தைச் செரிக்கும் டயஸ்டேஸும் புரதத்தைச் செரிக்கும் பெப்சினும்தான். கொழுப்புக்கு அவற்றால் ஒன்றும் ஆகாது. இன்னொன்று, பலரும் சொல்லாமல் விடுவது: இந்தக் கேப்ஸ்யூலில் உள்ள நொதி பன்றிக் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. மத, உணவுப் பழக்கம் சார்ந்த தயக்கம் இருந்தால், மாத்திரையை நிறுத்துவதற்கு முன் டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

எண்ணெயே வேண்டாம் என்று கஞ்சி மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள், எடை ஏறாது. மது, சிகரெட் இரண்டும் அறவே கூடாது. வலிக்கு இந்தக் கேப்ஸ்யூலை நம்ப வேண்டாம். மேல்வயிற்றில் கடும் வலி முதுகுக்குப் பாய்ந்து வாந்தியும் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மாத்திரை அட்டையையும், ஒரு வாரம் என்ன சாப்பிட்டார், மலம் எப்படிப் போனது என்று எழுதிய தாளையும் கொண்டுபோங்கள். சர்க்கரை, வைட்டமின் டி பரிசோதனையும் கேளுங்கள்.